ஒரு மூச்சுக்கு எத்தனை

14 அக்டோபர் 2024, திங்கள், காலை 7.10. எண்ணிக்கை 31.

எண்ணிக்கை என்பது இதுதான்: நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று ஒரே வேகத்தில் சத்தமாக எண்ண வேண்டும். அடுத்த மூச்சு வாங்காமல் எதுவரை போகிறதோ அது அன்றைய கணக்கு. நல்ல உடம்புக்காரன் நாற்பதைச் சாதாரணமாகத் தாண்டுவான். இருபதுக்குக் கீழே போனால் வென்டிலேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

நினைவை நம்பும் பழக்கம் எனக்கில்லை. அக்காவிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னேன். ஒவ்வொரு சர்வீசுக்கும் நிரப்பும் ஜாப் கார்டு மாதிரியே எழுதுகிறேன்.

பெயர்: ஆல்வின் ஞானராஜ். வயது 27. வேலை: மருத்துவக் கருவிகளுக்கான சர்வீஸ் இன்ஜினியர். திருநெல்வேலியைச் சுற்றிப் பதினோரு ஆஸ்பத்திரிகளின் வென்டிலேட்டர்கள் என் பொறுப்பு. அந்தப் பதினொன்றில் ஒன்றின் ஐ.சி.யூ.வில்தான் இப்போது கிடக்கிறேன்.

கோளாறு வரலாறு: செப்டம்பர் 30, பைபாஸ் கடையில் சாப்பிட்ட கோழி, மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அக்டோபர் 10, கால் விரல்களில் எறும்பு ஊர்வது போல. 12, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். 13, கழிவறையில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. அக்கா கதவை உடைத்தாள்.

டாக்டர் நாச்சியார் நரம்பு மருத்துவர். சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. கிய்யான்-பாரே சிண்ட்ரோம் என்றார்.

"சிண்ட்ரோம்னா?"

"ஒண்ணா சேர்ந்து வர்ற அறிகுறிகளுக்கு வச்ச பேரு. வயித்துல வந்த கிருமிய அடிக்கப் போன உங்க உடம்போட காவல்படை, இப்ப நரம்பு மேல இருக்கிற உறையையும் சேர்த்து அடிக்குது. கால்ல தொடங்கி மேல ஏறும்."

ஒயரின் இன்சுலேஷன் உரிகிறது. இதைச் சொல்ல இத்தனை சுற்று.

"எப்ப சரியாகும்?"

"முதல்ல இன்னும் மோசமாகும். அப்புறம் அப்படியே நிக்கும். அப்புறம்தான் திரும்பும்."

"எத்தன நாள்னு சொல்லுங்க."

"அத உங்க உடம்புதான் சொல்லணும், ஆல்வின்."

இது பதிலே இல்லை. வேலை முடியும் நாளைச் சொல்லாத சர்வீஸ்காரனை எந்த ஆஸ்பத்திரியும் வாசலுக்குள் விடாது.

15 அக்டோபர், காலை 7.00. எண்ணிக்கை 27. மாலை 25.

ஐந்து நாள் மருந்தில் மூன்றாம் நாள். கை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. தொடை வரை பலமில்லை. கை பிடிப்பு குறைகிறது, பேனா கனக்கிறது.

எண்ணிக்கை எடுப்பது சிஸ்டர் இசக்கியம்மாள். இங்கே பதினாறு வருட சர்வீஸ். நான் வேலைக்கு வரும் நாட்களில் என்னை "மிஷின் தம்பி" என்பார். நேற்று என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். "மிஷின பாக்க வார தம்பி, மிஷினுக்கே வந்துட்டியளே!"

எண்ணும் முறையில் சீர் இல்லை என்று அவரிடம் சொன்னேன். இருபது வரை சின்னச் சொற்கள். அதற்கு மேல் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று ஒவ்வொன்றும் இரட்டை நீளம். மூச்சு அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

"எல்லாருக்கும் அதே நீளந்தான தம்பி. ஒங்களுக்கு மட்டும் என்ன, குறுக்கு ரூட்டா?"

இந்த ஐ.சி.யூ.வில் ஐந்து வென்டிலேட்டர்கள். நான்கு ஓடுகின்றன. நான்காம் எண் மட்டும் என் கட்டிலுக்கு எதிரே மூலையில் சும்மா நிற்கிறது. எனக்குத் தேவைப்பட்டால் அதுதான் வரும். அதன் திரையில் ஒரு கீறல் இருக்கிறது, வேறு ஒன்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"கீறலு திரையிலதான இருக்கு, காத்துலயா இருக்கு?"

16 அக்டோபர், காலை 7.05. எண்ணிக்கை 24. (திருத்தம்: 21.)

பதினைந்தில் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று இழுத்துக்கொண்டேன். சிஸ்டர் நிறுத்திவிட்டார்.

"தம்பி, இந்தக் களவாணித்தனத்த எங்கிட்ட வச்சிக்கிடாதிய. நீங்க எண்ணி என்னைய ஏமாத்தலாம். நெஞ்சு ஏமாறுமா?"

மறுபடி எண்ணினேன். 21.

என் கையால் எழுதுவது இன்றுதான் கடைசியாக இருக்கும். யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன். பிரச்சினை கீறல் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வென்டிலேட்டரையும் சோதிக்க வேண்டும். அதில் கடைசிச் சோதனை பேட்டரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷின் பேட்டரியில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். முப்பது நிமிடம் தாண்டினால் பாஸ். அந்த முப்பது நிமிடமும் எதிரே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முட்டாள்தனமான சோதனை.

ஆகஸ்டில் வந்தபோது நான்காம் எண்ணுக்கு அந்தச் சோதனையைச் செய்யவில்லை. அன்று இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் பாக்கி இருந்தன. போன தடவை படிவத்தில் இருந்த 42 என்ற எண்ணை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். பேட்டரிக்கு நான்கு வயது. இரண்டு வருடத்தில் மாற்றியிருக்க வேண்டும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை சில நொடிகள் மெஷினைத் தாங்குவது அந்த பேட்டரிதான். ஐ.சி.யூ.வின் பழைய பகுதிக்கு யு.பி.எஸ். உண்டு. நான் கிடக்கும் இந்தப் புதுப் பகுதிக்கு இன்னும் வரவில்லை.

இப்படிச் செய்தது ஒரே ஒரு முறைதான்.

16 அக்டோபர், மாலை 5.30.

வார்டிலிருந்து ஒரு பெண்மணியை அவசரமாகக் கொண்டுவந்து எதிர்க் கட்டிலில் போட்டார்கள். தங்கபுஷ்பம், 52, நிமோனியா. நான்காம் எண்ணை அவருக்கு மாட்டிவிட்டார்கள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

17 அக்டோபர், காலை 7.00. எண்ணிக்கை 19.

அக்கா எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல. பெயர் பியூலா, ஹைஸ்கூலில் வேதியியல் டீச்சர், லீவு போட்டிருக்கிறாள். முன்பக்கங்களைப் புரட்டக் கூடாது என்பது ஒப்பந்தம்.

கை முழங்கைக்குக் கீழ் பயனில்லை. விழுங்கும்போது தண்ணீர் மூக்கில் ஏறுகிறது. வலி முதுகில். கண் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாம் எண் மெஷின் காலியாகி என் கட்டிலருகே வந்துவிட்டது. அது நல்ல மெஷின். ஆகஸ்டில் அதற்கு முழுச் சோதனையும் செய்தேன். அன்று வெளியே நல்ல மழை, கிளம்ப முடியவில்லை.

அக்கா செய்தித்தாளை வாசித்துக் காட்டினாள். எனக்கு வேண்டாத செய்திகள். கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று: பராமரிப்புப் பணிக்காகச் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் இரண்டு வரை இந்தப் பகுதியில் மின்தடை.

"இங்க ஜெனரேட்டர் இருக்கும்லா?" என்று கேட்டாள்.

இருக்கும் என்றேன்.

"பொறவு ஏம்லே முழிக்க?"

எழுத வேண்டியது இவ்வளவுதான்.

18 அக்டோபர், வெள்ளி, காலை 10.20. எண்ணிக்கை 15.

டாக்டர் நாச்சியார் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு மத்தியானம் தொண்டையில டியூப் போட்டு மெஷின்ல இணைச்சிரலாம். மூச்சு நின்னப்புறம் ஓடிவந்து போடுறதவிட இப்பவே போடுறது நல்லது. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பேச முடியாது. ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க."

தன்னிடம் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சிஸ்டரையும் கூப்பிடச் சொன்னேன்.

பதினைந்து என்றால் ஒரு மூச்சுக்குப் பதினைந்து சொல்கூட இல்லை. வாக்கியங்களை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தேன்.

முதல் மூச்சு: "நாலாம் நம்பர் பேட்டரிய நான் டெஸ்ட் பண்ணல. படிவத்துல இருக்கிறது பொய்."

இரண்டாம் மூச்சு: "நாளைக்கு ஒம்பதுக்குக் கரண்ட் போகும். அந்தம்மாவுக்கு மெஷின் நின்னாலும் நிக்கும்."

சிஸ்டர் எதிர்க் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை.

"ஏன் தம்பி, புதன்கிழமை சாயங்காலம் ஒங்க கண்ணு முன்னாலதான அந்த மிஷின மாட்டுனேன்? அப்ப வாய் இருந்துச்சே ஒங்களுக்கு?"

மூன்றாம் மூச்சுக்கு நான் எதுவும் தயார் செய்யவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை, அதற்கு நேரமில்லை. வேறு மெஷின் உண்டா என்று நாலு இடத்துக்குப் போன் போட்டார். சனிக்கிழமை மாலைதான் வரும் என்றார்கள். அந்த அம்மாளை யு.பி.எஸ். உள்ள பகுதிக்கு மாற்றவும் இடமில்லை. அங்கே இருப்பவர்களும் மெஷினில்தான். கரண்ட் போகும் நேரத்தில் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையோடு சிஸ்டர் அருகிலேயே நிற்பதாக முடிவு.

அக்காவுக்குக் குறிப்பு: இனி நீ எழுது. நேரம், எண், நடந்தது. நீ அழுததை எழுதாதே.

18 அக்டோபர், மதியம் 2.45.

டியூப் போட்டாச்சு. இரண்டாம் எண் மெஷின். மயக்கத்தில் இருக்கிறான். - பியூலா

19 அக்டோபர், சனி.

காலை 9.06 கரண்ட் போனது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இசக்கியம்மாள் சிஸ்டர் அந்த அம்மா தலைமாட்டில் பையைக் கையில் பிடித்தபடி எட்டரையிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். ஜெனரேட்டர் எடுக்கப் பதினேழு நொடி. நாலாம் நம்பர் மிஷின் நிற்கவில்லை. பையை அழுத்த வேண்டி வரவில்லை. சிஸ்டர் அப்புறம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் வேறு மிஷின் வந்தது. நாலாம் நம்பரைக் கழற்றி, கம்பெனியிலிருந்து வந்த இன்னொரு பையன் பேட்டரியைச் சோதித்தான். நாலு நிமிஷம் ஓடி நின்றுவிட்டது.

நான் முன்பக்கங்களைப் படித்துவிட்டேன். ஒப்பந்தம் மனுஷரோடுதான், இப்படிச் செய்தவனோடு இல்லை. - பியூலா

22 அக்டோபர்.

முழித்திருக்கிறான். கண் மட்டும் அசையும். ஒரு இமைப்பு ஆமாம், இரண்டு இல்லை. அட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுதி விரல் வைத்துப் போகிறேன், வேண்டிய எழுத்தில் இமைக்கிறான். "தண்ணீர்" என்று கேட்க ஆறு நிமிஷம். பாதியில் எரிச்சல்பட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறான். இவனுக்கா இந்தச் சீக்கு வரணும்.

பேட்டரி நாலு நிமிஷம் ஓடியதைச் சொன்னேன். இமைத்தான்.

ஒரே ஒரு முறைதான் என்று எழுதியிருக்கிறாயே, நிஜமா என்று கேட்டேன். கண்ணை மூடினான். திறக்கவில்லை. தூங்கிவிட்டான் என்று எழுதிக்கொள்கிறேன். - பியூலா

27 அக்டோபர்.

எதிர்க் கட்டில் அம்மாவுக்கு மிஷினை எடுத்துவிட்டார்கள். வார்டுக்குப் போயாச்சு. - பியூலா

31 அக்டோபர்.

தீபாவளி. வெளியே ஒரே வெடிச்சத்தம். காலை 11.00, டியூப் எடுத்தாச்சு. முதலில் பேசியது: "மணி என்ன?" - பியூலா

2 நவம்பர், காலை 7.00. எண்ணிக்கை 12.

மறுபடி நான் சொல்ல அக்கா எழுதுகிறாள். குரல் தகரம் உரசுவது போல இருக்கிறது.

டியூப் இருந்த பதின்மூன்று நாட்களில் பாதி நாள் வள்ளியூர் பஸ்ஸில் இருந்தேன். கண்டக்டர் எந்த நிறுத்தத்திலும் இறங்க விடவில்லை. எல்லா சீட்டிலும் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது கனவு இல்லை என்று இப்போதும் உடம்பு சொல்கிறது. டாக்டரிடம் சொன்னேன். ஐ.சி.யூ.வில் இது பாதிப் பேருக்கு வரும், மூளை தனக்குக் கிடைத்த சத்தங்களை வைத்து ஒரு கதை கட்டிக்கொள்ளும் என்றார். நோய் நரம்பில், பயம் மட்டும் வேறெங்கோ தனியாக வேலை செய்யும் என்றார்.

பயமெல்லாம் இல்லை என்றேன். அக்கா பேனாவை நிறுத்தினாள். எழுது என்றேன்.

4 நவம்பர், காலை 7.00. எண்ணிக்கை 17.

தோள் அசைகிறது. திரும்பும்போது மேலிருந்து கீழே வருமாம். கடைசியாகப் போனது முதலில் வரும்.

சர்வீஸ் மேனேஜர் போன் செய்தார். அக்கா என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"ஆல்வின், உடம்பப் பாருப்பா மொதல்ல. அந்த நாலாம் நம்பர் விஷயம், ஆஸ்பத்திரிக்காரங்க பெருசு பண்ணல. வேலைப் பளுவுல விட்டுப்போச்சுன்னு ஒரு லெட்டர் குடு, முடிச்சுக்கலாம். அது ஒண்ணுதான?"

"ஆமா சார்."

அக்கா போனை மேசையில் வைத்த சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

7 நவம்பர், காலை 9.30. எண்ணிக்கை 22.

முந்தாநாளே வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு கட்டில் தள்ளித் தங்கபுஷ்பம். உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். அவர் கணவர் சுடலைமுத்து, அரசுப் பேருந்து டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிடையர் ஆனவர். நேற்றும் இன்றும் காலை எட்டு மணிக்கு இரண்டு இளநீர் கொண்டுவந்தார். ஒன்று மனைவிக்கு, ஒன்று எனக்கு.

"சிஸ்டரு சொன்னாவ. எங்க வீட்டுக்காரிக்கு வச்ச மிஷின்ல பேட்டரி சரியில்லனு நீங்கதான் சொன்னியளாம்லா, ஒங்க மூச்சு நிக்கப் போற நேரத்துல. அத மட்டும்தான் சொன்னாவ. வேற கேட்டா, தம்பிட்டயே கேளுங்கன்னுட்டாவ."

ஸ்ட்ராவை வாயில் வைத்தார். குடித்தேன்.

"நம்ம வண்டியிலயும் அப்படித்தான் தம்பி. பாக்காம விட்டா பேட்டரி காட்டிக் குடுத்துரும். எங்க டிப்போவுல ஒருத்தன் இருந்தான். பிரேக்க பாக்காமலே பாத்தேன்னு டிக்கு போடுவான். ஒருநா சேரன்மாதேவி ரோட்டுல வண்டி நிக்காம ஓடி வாய்க்கால்ல இறங்கிட்டு. நல்லவேளைக்கு அம்பது பேருக்கும் ஒண்ணும் ஆவல. நான் அவன டிப்போவுல வச்சே செருப்பால அடிச்சேன். ஒண்ணும் ஆவலியேங்கான்! அதுக்கு ரெண்டாவது அடி."

"அப்புறம் அவன் என்ன ஆனான்?"

"என்ன ஆவான்? அதுக்குப் பொறவு ஒழுங்கா பாத்தான். இன்னும் வேணுமா இளநி?"

வேண்டாம் என்றேன். இளநீர் நன்றாக இருந்தது.

8 நவம்பர், வெள்ளி, மாலை 4.15. எண்ணிக்கை 24.

பிசியோதெரபிக்காரர் என்னைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, விழாமல் முப்பது நிமிடம் இருக்க வேண்டும் என்றார். வேறு எதுவும் செய்யக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பதினோராவது நிமிடத்தில் சாய்ந்தேன். நிமிர்த்தி வைத்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது முயற்சியில் முப்பதும் ஆனது. முப்பது நிமிடம் என்பது அப்படியொன்றும் நீளமில்லை.

அக்காவை நோட்டை எடுக்கச் சொன்னேன்.

"எண்ணிக்கையத்தான் எழுதியாச்சே."

"இது வேற எண்ணிக்கை."

என்னவென்று அவள் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"ஏழு," என்றேன்.

எழுதினாள். பிறகு, "அன்னைக்கு நீ கண்ண மூடுனப்பவே எனக்குத் தெரியும்லே. எத்தனன்னுதான் தெரியல. சொல்லு," என்றாள்.

செய்ய வேண்டியவை:

1. பேட்டரியைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்ட மற்ற மெஷின்கள்: தென்காசியில் இரண்டு, கோவில்பட்டியில் மூன்று, வள்ளியூரில் ஒன்று, தூத்துக்குடியில் ஒன்று. அந்த நான்கு ஆஸ்பத்திரிகளுக்கும் இன்றே, அவர்கள் அலுவலகம் மூடுவதற்குள், அக்கா போன் போட வேண்டும். எந்த மெஷின் என்று நான் சொல்வேன். அதில் நோயாளி யாராவது இருக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும்.

2. பிறகு மேனேஜருக்கு. முன்பல்ல. முன்பு சொன்னால், பொறு, நான் பேசிக்கொள்கிறேன் என்பார்.

3. லெட்டரில் "வேலைப் பளு" என்ற சொல் வரக் கூடாது. வேலை போகும். போகட்டும். எப்படியும் நடக்க மூன்று மாதம்.

4. இசக்கியம்மாள் சிஸ்டரிடம், புதன்கிழமை மாலை ஏன் பேசவில்லை என்பதற்குப் பதில். அவர் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில்: அந்த மெஷின் எனக்கு வராமல் போனதில் நிம்மதியாக இருந்தேன்.

5. சுடலைமுத்து அண்ணாச்சி நாளை காலை எட்டு மணிக்கு வருவார். இளநீரை என் கட்டிலுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, அந்த பேட்டரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். ஸ்ட்ராவை வாயில் வைத்த பிறகு சொல்லக் கூடாது. அக்கா வெளியே போக வேண்டாம், பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் குறுக்கே வரக் கூடாது.